ஆனைக்காலைத் துரத்திய கோலப்பன்

கோலப்பன் ஆனைக்காலைக் கண்ட அன்று அவர் கையில் காமிரா இருந்தது. காமிராவில் பிலிம் இல்லை.

திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தவர் கோலப்பன். கரமனையில் வீடு. வீட்டில் மனைவி நீலாம்பாள், கல்லூரிக்குப் போகும் மகள் ஆதிரா. ஆசை என்று பெரிதாக எதையும் வைத்துக்கொள்ளாத மனுஷர். அப்படிப்பட்டவர் ஒரு ஜூன் மாதத்து மத்தியானம், கல்யாண வீட்டுக்கு வாடகை அண்டா இறக்க விழிஞ்ஞம் போனார். அண்டாவை இறக்கினார். கடை விளம்பரத்துக்கு ஆகட்டும் என்று அதை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். ரோல் தீர்ந்தது. சற்றுக் காற்று வாங்கலாம் என்று துறைமுகத்துப் பக்கம் நடந்தார்.

அப்போதுதான் அது இறங்கியது.

கடலுக்கு மேலே கறுத்துத் தொங்கிய மேகத்தின் வயிற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தும்பிக்கை நீண்டது. நீண்டு, வளைந்து, தடித்து, காலாகிக் கடலில் ஊன்றிக்கொண்டது. ஊன்றிய இடத்தில் தண்ணீர் உலைபோல் கொதித்தது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி, "ஆனைக்கால்" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையை உதறினார்கள். கோலப்பனுக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பையிலிருந்து புது ரோலை எடுத்தார். மாட்டினார், கழன்றது. மறுபடி மாட்டினார். மூடியைச் சாத்தி நிமிர்ந்தபோது ஆனை காலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு ஓடி வந்தார்.

"ஏட்டி நீலா! இன்னைக்கு நான் ஆனைக்கால் பாத்தேன்!"

"ஐயோ, யாருக்கு?"

"யாருக்கும் இல்லட்டி. கடல்ல!"

"மீன் பிடிக்கிறவங்களுக்கா? பாவம். கொசுவலை போட்டுப் படுக்கச் சொல்லுங்க."

"கொசுவுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்? மேகத்துலேருந்து கடலுக்குக் காலு இறங்குது. ஆனைக் காலு மாதிரி. இம்மாம் தடிமன்!"

"மேகத்துக்கே வந்துட்டா? முனிசிபாலிட்டி மருந்தடிக்காட்டா இப்பிடித்தான்."

இதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று பக்கத்து வீட்டு ராமசுப்ரமணியனிடம் போனார். அக்ரஹாரத்துப் பழைய வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த அந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் முழுக்கக் கேட்டார். பிறகு, "ஓய், ஒரு தடவை கண்ணைக் காட்டும். புரை ஆரம்பிச்சிருக்கோ என்னமோ" என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு இலையின் முன்னால் கோலப்பன் சபதம் செய்தார். ஆனைக்காலைப் படம் பிடிப்பது. பிடித்து, சட்டம் போட்டு, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது. ராமசுப்ரமணியனை அழைத்து வந்து அதன் முன்னால் நிறுத்துவது.

புளிமூட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த உமாசங்கர்தான் வழி காட்டினான். "அண்ணாச்சி, அமெரிக்காவுல புயலைத் துரத்துறதுக்குன்னே ஆளு இருக்கு. வண்டியிலேயே காமிரா, கம்ப்யூட்டர், காத்தளக்கிற மெஷின் எல்லாம் வச்சிருப்பான். மேகம் எங்கே போகுதோ அங்கே போவான்" என்றான். இன்டர்நெட்டில் படமும் காட்டினான். ஒரு வெள்ளைக்காரன் ஜீப்பில் சாய்ந்து நின்றான். அவனுக்குப் பின்னால் வானம் ஆட்டுக்கல்லில் அரைபட்டுக்கொண்டிருந்தது. கோலப்பன் அந்தப் படத்தில் வெள்ளைக்காரன் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

முதலில் டிஜிட்டல் காமிரா வந்தது. பிலிமே வேண்டாத காமிரா. ஆனால் அது எடுக்கிற படத்தை வாங்கிக்கொள்ள வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திராணி இல்லை என்றான் உமாசங்கர். புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு மெமரி போதாது என்றான். மெமரி வந்தது. செயற்கைக்கோள் படம் பார்க்க மோடம் வேண்டும் என்றான். மோடம் வந்தது. இத்தனை சாமானையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு புயலைத் துரத்தினால் புயல் சிரிக்கும் என்றான். ஆக, ஒரு ஆம்னி வேன் வந்தே தீர வேண்டும்.

இங்கேதான் கோலப்பன் மாட்டிக்கொண்டார். காமிராவைக் கடைக்கு என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரை ஆதிராவின் படிப்புக்கு என்று சொல்லிவிட்டார். வேனை என்ன சொல்வது? குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று வாதப் பிரதிவாதம் நடத்திப் பார்த்தார். கண்ணாடியில் எல்லாத் தடவையும் அவரே ஜெயித்தார். தைரியம் வந்தது.

"ஏட்டி நீலா, ஒரு வேன் வாங்கலாம்னு—"

"வாங்குங்களேன்."

கோலப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. தயார் செய்து வைத்திருந்த வாதமெல்லாம் வீணாய்ப் போனது.

"இல்ல, எதுக்குன்னு கேட்டேன்னா—"

"எதுக்கா இருந்தா என்ன? ஆசப்படுறேள், வாங்குங்க. ஒண்ணே ஒண்ணு. மேல கேரியர் வைப்பேளா?"

"வைக்கணும். காமிரா ஸ்டாண்டு, தார்ப்பாய் எல்லாம்—"

"வெயிட்டு தாங்குமா?"

"தாங்கும், தாங்கும்."

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. ரெண்டு ஆளு வெயிட்டாவது தாங்கணும்."

"புயல்ல பறந்துறக் கூடாதுன்னு சொல்லுதியா?"

"பின்னே வேற எதுக்காம்?"

கோலப்பன் நெகிழ்ந்து போனார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு புயல் வேட்டைக்காரியோடு குடும்பம் நடத்திவிட்டு அது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வருத்தப்பட்டார். நீலாம்பாள் அதோடு நிற்கவில்லை. "புயல்ல மாட்டிக்கிட்டா எப்பிடிச் சொல்லுவேள்? ஒரு மொபைல் போன் வாங்கி வச்சுக்கிடுங்க" என்றாள். மொபைல் போனில் பேசினாலும் காசு, கேட்டாலும் காசு என்றிருந்த காலம். அவளாகச் சொன்னது! கோலப்பன் அன்றே வாங்கினார்.

வேன் தயாரானது. வெள்ளை வேன். உச்சியில் கனத்த கேரியர். முன்னால் மஞ்சள் விளக்கு இரண்டு, மேலே சுழலும் சிவப்பு விளக்கு ஒன்று. காற்றின் வேகம் அளக்க, சொந்தக் கடையிலிருந்தே நாலு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, சைக்கிள் சக்கரத்தின் நடுக்கட்டையில் சிலுவை மாதிரி பற்றவைத்து வேனின் தலையில் நட்டார். வண்டி ஓடினால் டம்ளர்கள் கிறுகிறு என்று சுற்றின. நடு சீட்டைக் கழற்றிச் சாமான் வைக்க இடம் செய்தார். டிரைவர் பக்கத்து சீட்டில் பெரிய பாட்டரியும் காமிரா ஸ்டாண்டும் உட்கார்ந்தன.

"நான் எங்க இருக்க?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

"நீயா? இதென்ன கோயிலுக்குப் போற வண்டியா? புயல் வண்டிட்டி. பொம்பளைங்களுக்கு ஆகாது."

நீலாம்பாள் அந்த சீட்டை ஒரு தடவை பார்த்தாள். "சரி" என்றாள்.

"நீ தலைமைக் கேந்திரம். வீட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல மேகத்தைப் பாக்கணும். எங்க சுழிக்குதுன்னு எனக்குப் போன் பண்ணணும்."

"மழை வருதான்னு பாக்க ஜன்னல் போதாதா?"

"இதும் ஜன்னல்தான். விண்டோஸ்."

"கம்பி இல்லியே."

ஆதிரா தன் மலையாளம் கலந்த தமிழில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினாள். "அம்மா, சைட் லோடாக குறைச்சு நேரம் ஆகும், கேட்டோ. பொறுமையா இருக்கணும்." டெலிபோன் கம்பி வழியாகக் கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டே மேகம் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கியது. காஷ்மீர் தெரிந்தபோது நீலாம்பாள் அரிசி களைந்தாள். பம்பாய் வந்தபோது உலை வைத்தாள். கன்னியாகுமரி வந்தபோது சோறு வடித்தாகிவிட்டது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீலாம்பாள் பிறந்த ஊர் பூதப்பாண்டி. நாகர்கோவிலைத் தாண்டி, மலையடிவாரத்தில் வயலும் குளமுமான ஊர். அவள் அப்பா விட்டுப்போன வயலிலும் தோப்பிலும் அவளுக்கும் பங்கு உண்டு. நெல்லும் தேங்காயும் தங்கை மங்கலத்தின் வீட்டில் அவள் பேர் சொல்லிக் காத்துக் கிடந்தன. "ஒரு எட்டு போயிட்டு வருவோமா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் கோலப்பனுக்குக் கடையில் ஸ்டாக் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டாக் எடுக்க வேண்டாத நாளில் இடுப்பு வலித்தது. இடுப்பு வலிக்காத நாளில், "அந்த ரோட்டுல மனுஷன் போவானா?" என்பார். அவள் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. இதற்கும் புயல் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கோலப்பனை அப்போது கேட்டிருந்தால், ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

முதல் வேட்டை. கடையைப் பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு, கோலப்பன் காலையிலேயே விழிஞ்ஞத்தில் ஸ்டாண்டை நட்டு உட்கார்ந்தார். கடல் சும்மா கிடந்தது. பத்து மணிக்குப் போன் அடித்தது.

"ஹலோ, விழிஞ்ஞம். ஓவர்."

"ஓவராத்தான் இருக்கு. கேளுங்க. படம் வந்தாச்சு. அங்கன ஒண்ணும் கெடையாது. மேகமெல்லாம் தெக்க போயி மலையில இடிச்சு நிக்கி."

"எந்த மலை?"

"பூதப்பாண்டி மலைன்னு நெனைக்கேன்."

"பூதப்பாண்டியா?"

"நான் என்ன செய்யட்டும்? மேகம் எங்க ஊருக்குப் போனா, நானா வெத்தல பாக்கு வச்சு அழைச்சேன்? வேண்டாம்னா இருங்க. கடலைப் பாத்துக்கிட்டு இருங்க."

"எப்பிடி இருக்கு மேகம்? சுழியுதா?"

"முறுக்குச் சுத்தின மாதிரி சுழியுது."

கோலப்பன் ஸ்டாண்டைப் பிடுங்கினார். மனுஷன் போகாத அந்த ரோட்டில் பறந்தார். பாறசாலை, களியக்காவிளை, தக்கலை, நாகர்கோவில். சிவப்பு விளக்கு சுழல, டம்ளர்கள் கிறுகிறுக்க, வெள்ளை வேன் பூதப்பாண்டித் தெருவில் நுழைந்து மங்கலம் வீட்டு முன்னால் நின்றது. தெருவே வெளியே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் என்று நினைத்துவிட்டார்கள். "மங்கலத்துக்கு மாமியாராக்கும்" என்று ஒருத்தி சொல்லி மூக்கைச் சிந்தவே ஆரம்பித்தாள். அந்த மாமியார் வாசலில் நின்று, "யாருக்கு என்ன?" என்று அவளிடமே விசாரித்தாள்.

"வாங்க அத்தான்!" என்று மங்கலம் சிரித்துக்கொண்டே வந்தாள். "இதென்ன, வண்டி மேல நாலு டம்ளர் சுத்துது? காப்பி ஆத்தவா?"

"மங்கலம், மழை எங்க?"

"இப்பத்தான் அத்தான், ஒரு பாட்டம் கொட்டிட்டுப் போச்சு. ஒரு நிமிஷம் முந்தி வந்திருந்தா பாத்திருக்கலாம்."

முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. புயல் வேட்டைக்காரரின் கண் வானத்தில் இருந்ததால் அது படவில்லை.

"வந்ததுதான் வந்தியோ, அக்காவுக்கு உள்ள அரிசி ரெண்டு மூடை கெடக்கு. கேரியர் காலியாத்தானே இருக்கு?" என்றாள் மங்கலம்.

காலியாக இருந்தது. அரிசி ஏறியது. தேங்காய் ஏறியது. பலாச்சக்கை ஒன்று முன் சீட்டில் பாட்டரிக்குத் துணையாக ஏறியது.

இரண்டாவது வேட்டையில் மேகம் மறுபடி பூதப்பாண்டிக்கே போனது. கோலப்பன் போய்ச் சேர்ந்தபோது பளீரென்று வெயில். மங்கலத்தின் மகள் பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்து நின்றாள். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனின் வீட்டார் பெண்ணின் படம் கேட்டிருக்கிறார்களாம். "மழை வாறதுக்குள்ள நாலு படம் எடுத்துருங்க அத்தான். வெளிச்சம் நல்லா இருக்கு பாருங்க." புயலுக்காக வாங்கிய காமிரா முதன்முதலாக வேலை செய்தது. பெண் நன்றாக வந்தாள்.

மூன்றாவது வேட்டை ஒரு செவ்வாய்க்கிழமை. "இதுவரைக்கும் இல்லாத சுழி, அழுத்தம் ரொம்பக் கொறஞ்சு போச்சு" என்றாள் நீலாம்பாள் போனில். "யாருக்குக் கொறஞ்சுது?" என்று பதறினார் கோலப்பன். "காத்துக்குத்தான். உங்களுக்குன்னா உப்புப் போட்டு மோர் குடிக்கச் சொல்லிருப்பேன்." பறந்தார். அன்றைக்குக் கேரியரில் ஏறியது அவள் அப்பாவின் தேக்குக் கட்டில். கட்டில் கால்களுக்கு நடுவில் டம்ளர்கள் சுற்றத் திரும்பி வந்தவரை அமரவிளை செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் மடக்கினார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"ரோகி எவிடே?"

"ரோகி யாரும் இல்ல சார். இது ஆம்புலன்ஸ் இல்ல. நான் புயலைத் துரத்திட்டு வாறேன்."

போலீஸ்காரர் மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு கோலப்பனைப் பார்த்தார்.

"அப்போ ரோகி நிங்ஙள் தன்னே. பொய்க்கோ, பொய்க்கோ" என்று கையை வீசிப் போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கட்டிலில் இடுப்பை நீட்டிக் கிடந்த கோலப்பனைப் பார்க்க ராமசுப்ரமணியன் வந்தார்.

"ஓய், உம்மாத்துல போன் வந்துடுத்தா?"

"எங்க போச்சு?"

"நன்னா கேட்டீர்! ஞாயித்துக்கெழமை ரோட்டுல குழி வெட்டறச்சே கேபிளைச் சேத்து வெட்டிப்பிட்டான். தெருவே செத்துக் கெடக்கு. உம்ம ஆத்துக்காரி சொல்லலையா? நேத்திக்குக் காலம்பற முக்கு பூத்துல அவளைப் பாத்தேனே. யாரோடயோ பேசிண்டிருந்தா. மேகம், சுழி, அழுத்தம்னு என்னமோ காதுல விழுந்தது."

கோலப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

டெலிபோன் கம்பி வழியாகத்தான் மேகம் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும். கம்பி ஞாயிற்றுக்கிழமையே செத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மேகம் எந்த வழியாக வந்தது? முறுக்குச் சுற்றின மாதிரி எது சுழித்தது? அரிசி மூட்டை, தேங்காய், சக்கை, பட்டுப்புடவைப் பெண், தேக்குக் கட்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் மனசில் வந்து நின்றன. முற்றத்தில் காய்ந்த நெல்லும் வந்து நின்றது.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அவள் பூதப்பாண்டியை எடுப்பாள். நாலு வருஷத்தை எடுப்பாள். ஸ்டாக்கையும் இடுப்பு வலியையும் எடுப்பாள். அந்த வாதத்தில் கண்ணாடிகூட அவர் பக்கம் நிற்காது. புத்தியைப் புத்தியால்தான் வெல்ல வேண்டும். அடுத்த தடவை அவள் பூதப்பாண்டி என்பாள். சரி என்று தலையாட்டிவிட்டு நேரே விழிஞ்ஞம் போவது. ஆனைக்காலைப் பிடிப்பது. படத்தை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இது எந்த ஊர் மேகம்?" என்று கேட்பது. கேட்கும்போது எந்தப் புருவத்தைத் தூக்குவது என்பதுவரை முடிவு செய்துகொண்டார். மூன்று நாள் ஒன்றுமே தெரியாதவர்போல் சிரித்த முகமாக நடமாடினார்.

சனிக்கிழமை காலை. போன் சரியாகிவிட்டிருந்தது. நீலாம்பாள் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்தாள். குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"இன்னைக்குச் சந்தேகமே இல்ல. பூதப்பாண்டிதான். நேரா அங்க போங்க. விழிஞ்ஞத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க, கேட்டேளா?"

"நீ சொன்னாச் சரிதான் நீலா."

"அங்க போயி வீணா நிக்காதீங்க."

"சேச்சே. நான் எதுக்கு நிக்கப் போறேன்?"

கரமனைப் பாலத்துக்குப் போகிறவர்போல் கிளம்பி, முதல் திருப்பத்திலேயே வண்டியைத் திருப்பினார். விழிஞ்ஞத்தில் ஸ்டாண்டை நட்டார். காமிராவைப் பூட்டினார். பாட்டரி, விளக்கு, டம்ளர் எல்லாம் தயார். நெஞ்சு நிமிர்ந்தது. பதினோரு மணிக்குப் போன்.

"எங்க இருக்கேள்?"

"நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு."

"அதென்ன பின்னால இரைச்சல்?"

"லாரி."

"பெரிய லாரியாத்தான் இருக்கும். விட்டு விட்டு இரையுதே."

"ரோடு சரியில்ல. குண்டும் குழியுமா இருக்கு."

"சரி, பையப் பதுக்கப் போங்க. ஒண்ணும் அவசரமில்ல. உள்ள எடத்துலயே இருங்க, என்னா?"

போனை வைத்த பிறகு கோலப்பன் தனியாகச் சிரித்தார். உள்ள இடத்திலேயே இரு என்கிறாள், பாவம்.

மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. வானம் தேய்த்துக் கவிழ்த்த தாம்பாளம்போல் பளபளத்தது. டம்ளர்கள் சோம்பலாக ஒரு சுற்று சுற்றி நின்றன. மீன் கூடையோடு அந்த வழியாக வந்த எலிசாள் என்ற பெண் இத்தனை சாமானையும் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, சினிமாவா?"

"இல்லம்மா. ஆனைக்கால் பிடிக்க வந்திருக்கேன்."

"அது இந்தச் செவ்வாழ்ச்ச வந்துபோச்சல்லோ!"

கோலப்பன் மெதுவாகத் திரும்பினார். "செவ்வாய்க்கிழமையா?"

"ஓ. காலத்த பத்தேகாலுக்கு. ஒண்ணல்ல அண்ணா, ரெண்டு. அந்தக் கல்லுக்கிட்ட ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஆடுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. வெள்ளைக்கார சாயிப்புமாரு நாலஞ்சு பேரு நல்லா படம் எடுத்தாங்க. நீங்க அன்னைக்கு வரலியா?"

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவர் இதே இடத்தில்தான் இருந்தார். பத்து மணிக்குத்தான் போன் வந்தது. பத்தடித்து ஐந்து நிமிஷத்தில் தேக்குக் கட்டிலை நோக்கிப் பறந்துவிட்டார்.

கோலப்பன் ஸ்டாண்டின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். வந்த கோபத்துக்கு டம்ளர்கள் தானாகச் சுற்றியிருக்க வேண்டும். இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு கை பார்த்துவிடுவது. அழுதாலும் சரி. நாலு வருஷத்தை எடுத்தாலும் சரி. இரண்டு ஆனைக்கால்! பக்கத்தில் பக்கத்தில்!

"அத்தான் அங்க இருக்காரு பாரு!"

மங்கலத்தின் குரல். பூதப்பாண்டியில் இருக்க வேண்டிய குரல். கோலப்பன் திரும்பினார். துறைமுகத்து ரோட்டிலிருந்து மங்கலம் வந்தாள். அவள் புருஷன் வந்தார். பட்டுப்புடவையில் அவள் மகள் வந்தாள். கையில் பலகாரப் பையோடு மங்கலத்தின் மாமியார் வந்தாள். எல்லாருக்கும் முன்னால், வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, நீலாம்பாள் வந்தாள்.

"பாத்தியா மங்கலம், நான் சொன்ன எடத்துலயே நிக்கார்" என்றாள்.

"ஏட்டி, நீ எங்க இங்க?"

"மாப்பிள்ளை வீடு பாக்க வந்தோம். பையனுக்கு இங்க துறைமுகத்து ஆபீஸ்லதானே வேலை? அந்தா தெரியுதுல்லா குவார்ட்டர்ஸ், அதுதான். நீங்க எடுத்த போட்டோவைப் பாத்துட்டுத்தான் வரச் சொன்னாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஆவணியில கல்யாணம்."

"நல்ல சம்பந்தம் அத்தான். போட்டோவுல முகத்தை என்னமா கொண்டு வந்திருந்தியோ!" என்றார் மங்கலத்தின் புருஷன்.

கோலப்பனுக்குப் பாராட்டு காதில் ஏறவில்லை. நீலாம்பாளைத் தனியாக வேனுக்குப் பின்னால் இழுத்தார்.

"காலையில என்னைப் பூதப்பாண்டிக்குப் போகச் சொன்னியே!"

"ஆமா."

"நான் போயிருந்தேன்னா?"

"போயிருக்க மாட்டேளே."

"அதெப்படித் தெரியும்?"

"மூணு நாளா காப்பியில சீனி கொறவுன்னு ஒரு வார்த்தை வரல உங்க வாயிலேருந்து. நீங்க குத்தம் சொல்லாம காப்பி குடிச்சேள்னா உள்ள என்னவோ கொதிக்குதுன்னு அர்த்தம். ராமசுப்ரமணியன் சாரு வந்துட்டுப் போனதும் தெரியும். அதான், பூதப்பாண்டின்னு சொன்னா நேரா இங்க வந்து நிப்பேள்னு நெனச்சேன். வயசான மனுஷியை வச்சுக்கிட்டு பஸ்ஸுல திரும்பிப் போக முடியுமா? வண்டி வேணும்லா?"

"விழிஞ்ஞத்துக்கு வான்னு நேராச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா இடுப்பு வலிச்சிருக்கும்."

கோலப்பன் வாயைத் திறந்தார். செவ்வாய்க்கிழமையைச் சொல்ல நினைத்தார். இரண்டு ஆனைக்காலைச் சொல்ல நினைத்தார். அதற்குள் வேனின் கதவைத் திறந்து எல்லாரும் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். நடு சீட்டைக் கழற்றிய இடத்தில் தார்ப்பாயை விரித்து மங்கலத்தின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, "வண்டின்னா இதுல்லா வண்டி. படுத்துக்கிட்டே போலாம்" என்றாள். காமிரா ஸ்டாண்டு கேரியருக்குப் போனது. முன் சீட்டுப் பாட்டரியை மங்கலத்தின் புருஷன் அலுங்காமல் தூக்கிப் பின்னால் வைத்தார்.

நீலாம்பாள் அந்த சீட்டைக் கையால் தட்டித் துடைத்தாள்.

"பொம்பளைங்களுக்கு ஆகாதுன்னு சொன்ன சீட்டு இதானே?"

அவள் ஏறி உட்கார்ந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். கண்ணாடியை இறக்கினாள். கடல் காற்று முகத்தில் அடித்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்தது. அதற்கப்புறம் எங்கே போயிருந்தது என்று கோலப்பன் கேட்டுக்கொண்டதில்லை. அதைப் பார்த்ததும், கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதி கையை விட்டு நழுவியது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது.

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். தலைக்கு மேலே டம்ளர்கள் கிறுகிறுத்தன.

"சரி, இனி எங்கட்டி போகணும்?"

நீலாம்பாள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"காலம்பறயே சொன்னேன்லா, பூதப்பாண்டிக்குன்னு."